பைக்காராவின் மின்சாரமும் எண்ணூரின் புகையும்

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பைக்காரா. படகுத்துறையில் வந்து இறங்கும் சென்னைக்காரரும் பெங்களூருக்காரரும் முதலில் செய்வது, மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு "என்ன காத்து!" என்று சொல்வதுதான். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. நகரத்துக் காற்று ஏன் கெட்டது, அதோடு எப்படி வாழ்வது என்ற கேள்வியை இந்த மலையிலிருந்து தொடங்குவதற்கு இந்த நல்ல காற்று காரணமல்ல. படகு மிதக்கும் தண்ணீர்தான் காரணம்.

முக்குருத்திச் சிகரத்துப் பக்கம் பிறந்து, தோடர்கள் புனிதமாகக் கருதும் பைக்காரா ஆறு, பீடபூமியின் வடமேற்கு விளிம்பில் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அந்த வீழ்ச்சியை இரும்புக் குழாய்களுக்குள் அடக்கி, அடிவாரத்துச் சிங்காராவில் 1932-ல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அன்றைய சென்னை மாகாண அரசின் முதல் பெரிய நீர்மின் திட்டம் அது. மின்கம்பி நேராகக் கோயம்புத்தூருக்குப் போனது. 1888-ல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதிலிருந்து அங்கே நூற்பாலைகள் இருந்தன. ஆனால் நிலக்கரி தொலைதூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும், கொதிகலன் வைக்க வேண்டும், அதற்கெல்லாம் பெருமுதல் வேண்டும். பைக்காரா மின்சாரம் வந்தபின் நடுத்தர வசதியுள்ள விவசாயக் குடும்பங்களாலும் ஆலை தொடங்க முடிந்தது. முப்பதுகளில் ஆலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டார் பம்புகள் இறங்கின, 1937-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்யப்பட்டது. புகையே இல்லாமல் ஒரு தொழில் நகரம் எழுந்தது என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

அந்த நகரத்தின் பசிக்கு ஆறுகள் போதவில்லை. மேட்டூர், பாபநாசம், குந்தா என்று தண்ணீரை எங்கெல்லாம் விழவைக்க முடியுமோ அங்கெல்லாம் விழவைத்தார்கள். பிறகு எரிக்கத் தொடங்கினார்கள். நெய்வேலியில் 1962-ல் பழுப்பு நிலக்கரி, எண்ணூரில் 1970-ல், தூத்துக்குடியில் 1979-ல், மேட்டூரில் 1987-ல், வடசென்னையில் 1994-ல் அனல்மின் நிலையங்கள். பைக்காராவில் 2005-ல் சேர்ந்த 150 மெகாவாட் நிலையம் இன்று பெரும்பாலும் மாலை நேரத்து உச்சத் தேவைக்கு ஓடுகிறது. நாள் முழுவதற்குமான சுமையைக் கரி தாங்குகிறது. கோவையில் விளக்கெரிய எண்ணூரில் புகை எழுகிறது. காற்று மாசு பற்றி எத்தனை அறிக்கை படித்தாலும் எனக்குத் திரும்பத் திரும்பத் தட்டுப்படுவது இந்தக் கணக்குதான்: பயன் ஓர் ஊரின் வரவில், புகை இன்னோர் ஊரின் செலவில்.

எண்ணூரின் செலவை எண்ணூர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்ததும், மீன்பாடு குறைந்ததும், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நெடியும் வடசென்னையின் அன்றாடம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் இருட்டில் எழுந்து ஓடினார்கள். பழைய எண்ணூர் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. சுற்றிலும் மற்றவை ஓடுகின்றன.

கண்ணுக்குத் தெரியும் சாம்பலைவிடத் தெரியாதது ஆபத்தானது. பி.எம். 2.5 என்று நாம் இன்று பேச்சுவாக்கில் சொல்லும் நுண்துகள், மயிரிழையின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. நுரையீரலின் கடைசி அறை வரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. அது முழுக்கப் புகைபோக்கியிலிருந்து துகளாகவே வருவதில்லை. கரியிலுள்ள கந்தகம் எரிந்து வாயுவாக வெளியேறி, காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து, வழியில் அம்மோனியாவோடு சேர்ந்து துகளாக மாறுகிறது. புகைபோக்கியை உயரமாகக் கட்டினால் பக்கத்து ஊருக்கு நல்லது, தொலைவிலுள்ள ஊருக்குக் கெடுதல். கந்தகத்தைப் புகைபோக்கியிலேயே பிடிக்கும் கருவியை எல்லா அனல்மின் நிலையங்களும் பொருத்த வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் விதி போட்டது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விதியே தளர்த்தப்பட்டது. தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 இறுதி வரை கெடு நீடிக்கிறது. இந்தியக் கரியில் கந்தகம் குறைவு, செலவு அதிகம் என்பது அரசு சொன்ன காரணம். முதல் பாதி உண்மைதான். கரியின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காரணம் எனக்கு நிற்பதாகத் தோன்றவில்லை.

காற்று மாசு என்றதும் எல்லோரும் தில்லியைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 2024 நவம்பர் 18-ல் அதன் காற்றுத்தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது; இந்தியக் குறியீட்டில் 500-க்கு மேல் எண்ணே கிடையாது. காரணம் யார் என்ற சண்டை ஒவ்வொரு ஆண்டும் தீபாவளியை ஒட்டித் தொடங்கும். பட்டாசு என்பார் ஒருவர், பஞ்சாப் விவசாயி என்பார் இன்னொருவர், கார் என்பார் மூன்றாமவர். கான்பூர் ஐ.ஐ.டி. 2016-ல் தந்த ஆய்வைப் பார்த்தால் சண்டை ஏன் முடிவதில்லை என்று புரியும். குளிர்காலத்து நுண்துகளில் வாகனங்களின் பங்கு சுமார் 25 சதவீதம். கோடையில் அதுவே சுமார் 9. சாலைப் புழுதியும் மண்ணும் குளிர்காலத்தில் சுமார் 4 சதவீதம். கோடையில் கால்பங்குக்கு மேல். ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரண்டு பட்டியல். யாருக்கு எந்தப் பட்டியல் வசதியோ அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கோ தொலைக்காட்சிக்கோ போகலாம்.

பஞ்சாபின் வைக்கோல் தாள் கதை இன்னும் கூர்மையானது. நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போவதைத் தடுக்க, ஜூன் நடுவாக்கில் பருவமழை நெருங்கும்வரை நெல் நடக்கூடாது என்று பஞ்சாபும் ஹரியாணாவும் 2009-ல் சட்டம் கொண்டுவந்தன. நல்ல நோக்கம். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் இறுதிக்குத் தள்ளியது. நவம்பரில் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் இரண்டு மூன்று வாரம். இயந்திரம் அறுத்துவிட்டுப்போன அடித்தாளை அகற்ற ஒரு தீக்குச்சியைவிட மலிவான வழி இல்லை. அதே வாரங்களில்தான் வடக்கில் காற்று அடங்கி, தரையருகே குளிர்ந்த காற்றின்மேல் வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடி போட்டதுபோல் உட்காருகிறது. முன்பு செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் எரிந்து காற்றோடு போன புகை இப்போது மூடிக்குள் சிக்குகிறது. தண்ணீரைக் காப்பாற்றிய சட்டம் காற்றைக் கெடுத்தது என்று ஒரே வரியில் முடித்துவிட மாட்டேன். நெல்லுக்கு மட்டும் உறுதியான கொள்முதல் வைத்த கொள்கை, பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், கூலியாள் தட்டுப்பாடு எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் எரிப்பது ஆண்டில் சில வாரங்கள்தான். தில்லியின் காற்று மற்ற மாதங்களிலும் சரியாக இருப்பதில்லை.

தமிழ்நாட்டுக்குக் கடல் கைகொடுக்கிறது. சென்னையில் பிற்பகல் கடற்காற்று புகுந்தால் புகை உள்நாட்டுக்கு நகர்ந்துவிடும். காஞ்சிபுரம் பக்கம் யாரும் அதற்கு நன்றி சொல்லப்போவதில்லை. கோவைக்குக் கடல் இல்லை, பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த இடைவெளி வழியாக வரும் மேல்காற்று நகரைக் கழுவிவிடுகிறது. மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி விடியலில் கணவாய் மூச்சடங்கும்போது உக்கடம் பக்கம் போய்ப் பார்த்தால் நிலைமை தெரியும். 2018 போகியன்று காலை சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தடைபட்டன. ஒரு விடியலில் எரிந்த பாயும் டயரும் அதைச் செய்தன. போகி வருடத்துக்கு ஒரு நாள். குப்பைமேடு வருடம் முழுவதும் எரியக் காத்திருக்கிறது: பெருங்குடி 2022 ஏப்ரலில், கொச்சியின் பிரம்மபுரம் 2023 மார்ச்சில் பத்து நாட்களுக்கும் மேலாக, கோவை வெள்ளலூர் 2024 ஏப்ரலில்.

கோவையின் மேற்கே, மலை அடிவாரத் தடாகம் பள்ளத்தாக்கில், 180-க்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் இருந்தன. செம்மண்ணை வெட்டி யானைப் பாதைகளைக் குழியாக்கினார்கள், சூளைப் புகை பள்ளத்தாக்கை நிறைத்தது. நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், உள்ளூர் மக்களின் நீண்ட போராட்டம் எல்லாம் சேர்ந்து 2021-ல் அவற்றை மூடவைத்தன. தமிழ்நாட்டில் ஒரு வட்டாரம் முழுவதும் ஒரு புகைமூலம் நின்றுபோன அரிதான நிகழ்வு அது. கோவையின் அடுக்குமாடிகளுக்குச் செங்கல் வேறெங்கிருந்தோ வந்துகொண்டுதான் இருக்கிறது.

நகரம், ஆலை, வாகனம் என்று பேசும்போது அடுப்படி மறந்துவிடுகிறது. 2019-ல் இந்தியாவில் காற்று மாசினால் நேர்ந்த இறப்புகள் 16.7 லட்சம் என்று 'லான்செட்' இதழ்க் குழும மதிப்பீடு சொன்னது. அதில் சுமார் 6 லட்சம் வீட்டுப் புகையினால். விறகடுப்பை அகற்றி எரிவாயு கொடுத்தால் தாய்க்கும் குழந்தைக்கும் என்ன நடக்கும் என்று இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவின் பங்கு தமிழ்நாட்டில், விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரக் கிராமங்களில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில். 2022-ல் முடிவு வந்தது. விறகடுப்பிலேயே தொடர்ந்த தாய்மார் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராம் அளவு; எரிவாயு பெற்றவர்களுக்கு 24. பிறந்த குழந்தையின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லோரும் எதிர்பார்த்தது வேறு. பாதிக்குமேல் புகை குறைந்தும் பலன் தெரியவில்லை என்றால், கர்ப்பத்தின் நடுவில் மாற்றியது தாமதமா, வெளிக்காற்று மீதியைக் கெடுத்ததா, எடை என்பதே தவறான அளவுகோலா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பேசுகிறார்கள். எரிவாயு வீண் என்று யாரும் சொல்லவில்லை. காரணத்தையும் விளைவையும் நேர்க்கோட்டில் இணைத்துவிடும் அவசரத்துக்கு இந்த ஆய்வு ஒரு நல்ல கடிவாளம்.

நீலகிரிக்கு வருவோம். மலையில் புகை இல்லை என்பது படகுத்துறையில் நிற்பவரின் எண்ணம். தேயிலை ஃபேக்டரியில் இலையை வாட்டவும் உலர்த்தவும் வேண்டிய வெப்பக் காற்றைத் தருவது பெரும்பாலும் விறகு அடுப்பு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எத்தனை ஃபேக்டரியோ அத்தனை புகைபோக்கி. தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகளில் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் சில்வர் ஓக் கிளையும் இன்னும் எரிகின்றன. தைலம் காய்ச்சும் கொட்டகைகளில் கற்பூரமரத்துச் சருகு எரிகிறது. பிப்ரவரி, மார்ச்சில் முதுமலைப் பக்கம் உண்ணிச்செடிப் புதரும் காய்ந்த புல்லும் தீப்பிடிக்கின்றன. உறைபனிக் காலத்தில் ஊட்டியின் கிண்ணம் போன்ற பள்ளத்தில் இரவுக் கணப்புகளின் புகை விடியும்வரை கலையாது. குளிருக்கு அஞ்சி மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி மலை ஊர்களில் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் கேள்விப்படுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் இஸ்ரோ விஞ்ஞானிகளும் ஊட்டியின் காற்றில் உள்ள கரித்துகளைத் தொடர்ந்து அளந்து 2014-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மழைக்கு முந்தைய மாதங்களில் அளவு உச்சத்துக்குப் போகிறது, மழையில் கழுவப்பட்டு இறங்குகிறது. அந்த உச்ச மாதங்களில்தான் சீசன். வெயில் ஏறினால் சமவெளியின் வெப்பக் காற்று எழும்பி மலைமுகட்டைத் தொடும் மாதங்களும் அவைதான். ஆகவே மே மாதத்து ஊட்டிக் காற்றில் எது பர்லியார் மலைச்சாலை வழியாகக் கார் கொண்டுவந்தது, எது மேட்டுப்பாளையத்திலிருந்து தானாக ஏறிவந்தது என்று பிரிப்பது எளிதல்ல.

நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் சீசனில் நீலகிரிக்குள் வருகின்றன என்ற தகவல் 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தை அதிரவைத்தது. மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்கிடச் சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் கேட்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. கடைக்காரர்கள் கடையடைத்து எதிர்த்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு: இரண்டு மாத வருமானத்தில் ஆண்டை ஓட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் எனக்கு இ-பாஸில் உள்ள குறை வேறு. அது வண்டியின் தலையை எண்ணுகிறது, புகையை எண்ணவில்லை. முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறும் பத்து வயது டீசல் வேனும் புதிய சிறு காரும் அதில் ஒன்றே. மலையடிவாரத்துக் கல்லாறில் வண்டியை நிறுத்திவிட்டு நல்ல பேருந்தில் ஏறும்படி செய்தால் கடைக்காரருக்கு ஆள் குறையாது, மலைக்குப் புகை குறையும். 2000-களின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக்கைத் தடுத்துக்காட்டிய மாவட்டத்துக்கு இது பெரிய காரியம் அல்ல.

அளவிட மலையிலேயே ஒரு பழைய கருவியும் இருக்கிறது. பைக்காராச் சோலைமரங்களில் தாடிபோல் தொங்கும் பாசி, பாறையில் ஒட்டியிருக்கும் சாம்பல்நிறப் பாசி. நம் பிரியாணியில் போடும் கல்பாசியின் உறவுகள் அவை. வேர் கிடையாது, காற்றிலிருந்தே உணவு. கந்தகப் புகை பட்டால் முதலில் சாகும். பாரிசின் லக்சம்பர்க் பூங்காவில் இவற்றை வைத்து நகரக் காற்றை மதிப்பிடலாம் என்று தாவரவியலாளர் நைலாந்தர் 1866-ல் எழுதினார். ஊட்டி சேரிங்கிராஸ் மரங்களையும் பைக்காரா மரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு பள்ளிக்கூடத்து மாணவர் கூட்டமும் ஒரு நோட்டுப்புத்தகமும் போதும்.

கெட்ட காற்றோடு வாழ்கிறவர்களுக்கு என்ன வழி? துணி முகக்கவசமும் அறுவைக்கூடக் கவசமும் நுண்துகளுக்குப் பெரும் தடையல்ல. முகத்தோடு ஒட்டும் என்-95 உதவும். அறைச் சுத்திகரிப்பான் கதவு மூடிய ஓர் அறைக்கு உதவும். குளிர்காலத்தில் விடிகாலை நடையைக் காலை பத்து மணிக்குமேல் தள்ளிவைப்பது நல்லது. புகையை அடைத்துவைக்கும் காற்று மூடி அப்போதுதான் கலைகிறது. செயலியில் 'திருப்திகரம்' என்று வந்தால் உடனே மகிழ வேண்டாம். இந்திய அளவில் பி.எம். 2.5 ஒரு நாளைக்கு 60 மைக்ரோகிராம் வரை திருப்திகரம்; உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த அளவு 15. நம் ஊர்க்காரர் தில்லியைப் பார்த்து நிம்மதி அடைவது இந்த இடைவெளிக்குள்தான். இதெல்லாம் கதவும் வேலை நேரமும் தன் கையில் உள்ளவருக்கு. அவிநாசி சாலை சிக்னலில் நாள் முழுக்க நிற்கும் போக்குவரத்துக் காவலருக்கும், கொடுங்கையூர்க் குப்பையில் இரும்பு பொறுக்குகிறவருக்கும், ஃபேக்டரி அடுப்பில் விறகு தள்ளுகிறவருக்கும் இந்த அறிவுரைகளில் ஒன்றுகூடப் பொருந்தாது.

புகை குறைந்த ஊர்களும் இருக்கின்றன. 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை இழந்த லண்டன், 1956 சட்டத்தால் வீட்டுக் கணப்புக் கரியைக் கட்டுப்படுத்தியது. பெய்ஜிங் 2013-ல் தொடங்கி ஏழு ஆண்டில் ஆண்டுச் சராசரியை 90-க்கு அருகிலிருந்து 40-க்குக் கீழே இறக்கியது. கரிக் கொதிகலன்களை மூடியது, பக்கத்து ஹெபெய் மாகாணத்து உருக்காலைகளையும் சேர்த்துக்கொண்டது. நகர எல்லைக்குள் நிற்காததுதான் அங்கே பலித்தது. தில்லியோ கோடிக்கணக்கில் புகைக்கோபுரம் கட்டியது, 2025 அக்டோபரில் ஈரமில்லாத மேகத்தில் மருந்து தூவி மழைக்குக் காத்திருந்தது.

2019-ல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் இடம்பெற்ற ஊர் தூத்துக்குடி. பின்னர் திருச்சி, சென்னை, மதுரை. நாடு முழுவதும் அதன் நிதி எங்கே போனது என்று அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் கணக்குப் பார்த்தது. 64 சதவீதம் சாலைப் புழுதிக்கு: தண்ணீர் தெளிக்கும் லாரி, கூட்டும் இயந்திரம், நடைபாதைக் கல். ஆலைப் புகைக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. மாநகராட்சியின் கைக்கு எட்டுவது புழுதிதான், அதனால் பணமும் அங்கே போனது.

தில்லிக்கும் சுற்றியுள்ள மாநிலங்களுக்கும் சேர்த்துக் காற்றை மேலாண்மை செய்ய 2021 சட்டப்படி ஓர் ஆணையம் இருக்கிறது. அதன் வேலை எப்படி என்பது வேறு விவாதம். கேரளத்துக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை, வாளையார்க் கணவாய், கோவை, மேட்டுப்பாளையம், நீலகிரி முகடு எல்லாம் ஒரே காற்றுப் பாதையில் இருக்கின்றன. இரண்டு மாநிலங்கள், மூன்று மாவட்டங்கள், இரண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் அதைத் துண்டு துண்டாகப் பார்க்கின்றன. வாளையாரில் ஒன்று, கல்லாறில் ஒன்று, பைக்காராவில் ஒன்று எனத் தொடர்ந்து அளக்கும் மூன்று கருவிகளை வைத்து, எண்களை ஒரே இடத்தில் வெளியிட்டால், மே மாதத்துக் கரியில் காருக்கு எவ்வளவு, சமவெளிக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இரண்டு மூன்று சீசனில் பதில் கிடைத்துவிடும். இ-பாஸ் எண்ணிக்கையை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.